ஒரு கிலோ ராவணா

தம்பேதன்ன ரோட்டோரம் பின்னேரக் கொழுந்து நிறுக்கிறார்கள். கொக்கியில் சாக்கு ஆடுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துக்கொண்டு கணக்கப்பிள்ளை எழுதுகிறார். பெண்களின் கண் தராசு முள்ளிலேயே இருக்கிறது.

வெள்ளைச் சீருடையில் ஒரு பையன் வருகிறான். கையில் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்த அட்டைப்பெட்டி. பக்கங்களில் நீலத்தாள், சூரியத் தகடாம்.

"ராவணா-1 ம்மா. நெசத்துலயும் இவ்வளவுதான்."

"எத்தன கிலோ?"

"ஒரு கிலோ, கொஞ்சம் கூட."

சரியாகத்தான் சொல்கிறான். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த செயற்கைக்கோள் அது. 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. 2021-இல் காற்றுமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தது. எல்லயில் ராவணன் பெயரால் அருவியே இருப்பதால், இந்தப் பக்கம் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உள்ளுக்கு என்னடா வப்பாங்க?"

"நமக்கு வேணுங்கறத வைக்கலாம்மா. பெட்டி ஒண்ணுதான்."

அதுதான் இதன் சூட்சுமம். சட்டம், மின்கலம், வானொலி எல்லாம் பொது வார்ப்பு. நேபாளத்துக்கும் ஜப்பானுக்கும் அதே அச்சில் கூடப்பிறந்தவை இரண்டு கூடவே போயின. ஆறு பெட்டி அளவில் செய்த மார்கோ என்ற விண்கல இணை, 2018 நவம்பரில் செவ்வாயைக் கடந்தபடியே இன்சைட் விண்கலம் அங்கே தரையிறங்கிய செய்தியைப் பூமிக்கு அனுப்பியது.

"அப்ப மழய அளக்குற மிசின வைக்கச் சொல்லு."

கணக்கப்பிள்ளை சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலை மழையில் சரிந்த மண் லயங்களை மூடிய கொஸ்லந்தை மீரியபெத்தை இங்கிருந்து தூரமில்லை.

அம்மா கேட்டதில் பிழையில்லை. மழைமானி சரிவில் இருக்கட்டும். அது சொல்வதைப் பெட்டி மேலே போகும்போது வாங்கி அனுப்பலாம். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா வானொலியைச் சோதிப்பது ராவணா-1இன் வேலைகளில் ஒன்றாகவே இருந்தது. ஒற்றைப் பெட்டி நாளுக்குச் சில தடவைதான் தலைக்கு மேல் வரும் என்பதால், அடைமழைக்குப் பல பெட்டிகள் வேண்டும்.

அடுத்த பெட்டிக்குள் என்ன வைப்பதென்று கொழும்பில் கூடிப் பேசுகிறவர்கள், ஊவாச் சரிவுகளின் மழைக் கணக்கையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.