எழுபத்தொன்பது மூலக்கூறுகள்

கணபதியில் எம் இல்லம் சத்தி சாலைக்கு அண்மையில் உள்ளது. தந்தையார் வார்ப்படச் சாலையினின்று திரும்பும் இரவு வேளையில், வண்டிகளின் பேரிரைச்சலிடையே அவர்தம் வண்டியொலியை அன்னையார் செவி தேடும். சிறிது ஐயம் எழினும் கதவைத் திறந்துவிடுவார். பன்முறை ஏமாந்தும் அவ்வழக்கத்தை விட்டாரில்லை. “வீணே எழுந்தால் என் கால்தானே நோகும், அவர் வாயிலில் காத்து நிற்றல் ஆகாது” என்பார்.

ஆய்வு பயிலச் சென்றவிடத்தில் எமக்கு வாய்த்த பணியும் அத்தகையதே. இரைச்சலினின்று ஒரு மூலக்கூற்றின் ஒளியைப் பிரித்தறிதல் வேண்டும். 1989இல் மோர்னரும் காடோரும் ஒற்றை மூலக்கூறு ஒளியை உட்கொள்வதைக் கண்டனர். மறு ஆண்டு ஒரி, பெர்னார் என்னும் இருவர் அஃது உமிழும் ஒளியையே கண்டனர்.

எமது முதற்படத்தில் 10,000 சிறு கட்டங்கள் இருந்தன. பின்னணியில் கட்டத்திற்குச் சராசரி 4 ஒளித்துகள்கள். பத்தும் அதற்கு மேலும் காட்டிய கட்டங்களோ 79. எழுபத்தொன்பது மூலக்கூறுகளைக் கண்டோமென அன்றிரவே தந்தையார்க்குத் தெரிவித்தோம். அவர் மறுநாள் உடன் உழைப்போர்க்கெல்லாம் இனிப்பு வழங்கினார்.

எம் ஆசிரியரோ, “வெற்றிருள் எத்தனை புள்ளி காட்டும்?” என வினவினார். புவாசோன் விதிப்படி கணக்கிட்டோம். சராசரி 4 ஆயின், பத்தோ மேலோ தற்செயலாய் வருவது ஆயிரத்தில் ஏறத்தாழ 8 முறை. ஆகவே மூலக்கூறு ஒன்றேனும் இல்லாவிடினும் 80 புள்ளிகள் தோன்றுதல் இயல்பே!

மெய்யான மூலக்கூறு படந்தோறும் அதே இடத்தில் ஒளிர்ந்து, சாயம் அழிந்ததும் ஒரே படியாக அணையும். இரண்டு சேர்ந்திருப்பின் இரு படியாக அணையும். இருப்பு உறுதியானபின், இடத்தை எத்துணை நுட்பமாகக் கூறலாம் என்பதற்கும் எல்லையுண்டு. சார்பற்ற எக்கணிப்பும் கடக்கவியலாத அவ்வெல்லையை, சி. ஆர். ராவ் அவர்கள் 1945இல் கல்கத்தாவில் வெளியிட்ட கட்டுரையே இன்றும் அளந்து தருகின்றது.

இரு நாள் நாணி வாளாவிருந்து, பின்னரே தந்தையார்க்கு உண்மையை உரைத்தோம். அவர் சினந்தாரல்லர். “வார்ப்பு மினுங்கினால் போதுமா, கண்ணு? தட்டிப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

அன்னையார் பிழைபடின் நோவது அவர் கால் மட்டுமே. ஆதலின் சிற்றொலிக்கும் எழலாம். யாம் பிழைபடின் எம்மை நம்பினோர் அனைவரும் இடர்ப்படுவர். ஆதலின் யாம் எளிதில் எழுதல் தகாது. பல திங்கள் கழித்து, ஒரே படியாக அணைந்த புள்ளிகள் மூன்றைக் கண்டோம். இம்முறை தட்டிப் பார்த்த பின்னரே இல்லத்திற்குச் சொன்னோம்.