சிவப்பு வண்டிக்குப் பின்னால்...

“நாடு விட்டு நாடு போய் மலையிலே ஸ்கூட்டர் ஓட்டணுமா? இங்கே மார்க்கெட்டுக்கு ஓட்டறது போதாதா உனக்கு?”

என் மாமியார்தான் இப்படிக் கேட்டார். அத்தை கேட்டதில் தப்பே இல்லை. பதினான்கு வருஷமாக நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடம், மார்க்கெட், ரேஷன் கடை, மாமனாரின் ரத்தப் பரிசோதனை என்று எங்கே போனாலும் பின் சீட்டில் ஒருவர், காலடியில் ஒரு பை. எனக்காக என்று ஒரு கிலோ மீட்டராவது ஓட்டியிருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

2024 மே மாதம் அலுவலக வேலையாக என் கணவருக்குத் தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகரத்தில் பத்து நாள் வேலை. பெண்ணுக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டோம். ஊரை ஒட்டினாற்போல் ‘தோய் சுதேப்’ என்று ஒரு மலை. தோய் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் மலை என்றே பொருள். உயரம் 1,676 மீட்டர். மலைச் சரிவில் தங்கக் கோபுரத்துடன் ஒரு புத்தர் கோயில். ஊருக்குள்ளிருந்து பதினைந்து கிலோ மீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் போதும். அந்தச் சாலையில் நானே வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆசை இருந்தால் மட்டும் ஆயிற்றா? புறப்படும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷம் செல்லும். அதில் இரு சக்கர வாகனத்துக்கான இடத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். காருக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. எல்லா நாட்டிலும் இது செல்லும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்தியா கொடுப்பது 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி உள்ள அனுமதி. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு உடன்படிக்கையை. அதனால் அங்கே நம் அனுமதி செல்லாது. செல்லாத அனுமதியோடு ஓட்டி விழுந்தால் பயண இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். கை கால் முறிந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

வாடகை வண்டிக் கடையில் ஒரு வேடிக்கை. கடைக்கார அம்மாள் சாவியை என் கணவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டு என்னைக் காட்டினார். காலேஜ் நாளில் ஒரு தடவை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், அதற்கப்புறம் அதைத் தொட்டதே இல்லை. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அவள் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டாள். அதை மட்டும் கொடுக்கவே கூடாது. நகல் கொடுத்து, முன்பணம் கட்டினோம். வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறல்களையெல்லாம் அவள் எதிரிலேயே படம் எடுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தேன். டயரைத் தடவிப் பார்த்தேன். கத்தரிக்காய் வாங்கும்போது பார்க்கிறோமே, அந்த மாதிரிதான்!

அப்புறம்தான் சிக்கல் வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் கடையில் இல்லை. பெரியவர்களுடையதை மாட்டினால் மூக்கு வரை இறங்குகிறது. “நம்ம ஊர்லே மூணு பேரும் போறதில்லையா? மெதுவா போனா என்ன ஆகும்?” என்றார் இவர். நிஜம்தான். நம் ஊரில் நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் பழக்கமில்லாத மலைப் பாதையில், தலை திறந்திருக்கிற குழந்தையை உட்கார வைத்து ஓட்ட என் மனசு ஒப்பவில்லை.

“சரி, விடுங்க. வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம்” என்றேன். தொண்டை அடைத்தது.

இவர் என் முகத்தைப் பார்த்தார். “நாங்க ரெண்டு பேரும் சிவப்பு வண்டியிலே வரோம். நீ பின்னாலே ஓட்டிக்கிட்டு வா” என்றார்.

அந்த ஊரில் பின்பக்கம் திறந்த, சிவப்பு நிறக் கூண்டு வண்டிகள் ஓடுகின்றன. சொங்தேவ் என்று பெயர். இரண்டு வரிசை என்று அர்த்தம். எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பலகை, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் ஒரு துறவியின் சிலை இருக்கிறது. க்ரூபா ஸ்ரீவிச்சாய் என்பவர். 1934-ஆம் ஆண்டு வரை இந்தக் கோயிலுக்குக் காட்டு வழியாக நடந்துதான் ஏற வேண்டும். இவர் கூப்பிட்டதும் சுற்றுவட்டார ஜனங்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் திரண்டு வந்து ஆறே மாதத்துக்குள் சாலை போட்டுவிட்டார்களாம். 1935-இல் முதல் வண்டி ஏறியது. மேலே போகிறவர்கள் சிலைக்குப் பூ வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். நானும் வைத்தேன். “யாராவது பிரிஞ்சு போயிட்டா, இந்தச் சிலைகிட்டேதான் சந்திக்கணும்” என்று பேசி வைத்துக்கொண்டோம்.

நம் ஊர் மாதிரியே அங்கும் இடப்பக்கமாக ஓட்டுவதால் குழப்பமில்லை. சிவப்பு வண்டி முன்னே போக, நான் பின்னே போனேன். திறந்திருந்த பின்பக்கத்து ஓரத்தில் அப்பாவின் கைப்பிடியில் என் பெண். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் கையாட்டினாள். நான் ஆட்டவில்லை; இரண்டு கையும் வண்டியைப் பிடித்திருந்தன! மூன்றாவது வளைவில் புன்னகை செய்தேன். ஐந்தாவது வளைவில் தோள் இறுக்கம் தளர்ந்தது. இரண்டு பக்கமும் காடு. வெயில் இலைகளுக்கு நடுவே சல்லடையாக விழுந்தது. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை, காலடியில் பை இல்லை. இந்த வண்டி இத்தனை லேசா என்று ஆச்சரியப்பட்டேன்.

பாதி வழியில் வாட் பா லாட் என்ற சிறு கோயில். அந்தக் காலத்தில் நடந்து ஏறியவர்கள் இளைப்பாறிய இடமாம். பாறை மேல் நீர் வழிந்து ஓடுகிறது. அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனோம்.

மேலே கோயிலுக்கு முன்னூறுக்கும் அதிகமான படிகள். இரு பக்கமும் கைப்பிடிச் சுவராக நெடுக நீண்ட நாகங்கள். கோயிலுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் லான்னா நாட்டு அரசர் புத்தரின் எலும்புத் துண்டு ஒன்றை வெள்ளை யானையின் மேல் வைத்து, அது போன போக்கில் விட்டுவிட்டாராம். யானை இந்த மலை மேல் ஏறி, மூன்று முறை பிளிறி, அங்கேயே உயிரை விட்டதாம். அந்த இடத்தில் எழுந்ததுதான் கோயில். கையில் தாமரை மொட்டோடு மக்கள் தங்கக் கோபுரத்தை வலம் வருகிறார்கள். என் பெண் யாரும் சொல்லாமலே கைகூப்பிக்கொண்டு அவர்களோடு சுற்றினாள்.

திரும்பும்போது வண்டியை எடுக்கையில், பக்கத்து வண்டியின் சைலன்ஸர் காலில் பட்டுவிட்டது. சுரீர் என்றது. குழாயைத் திறந்து இருபது நிமிஷம் காலைத் தண்ணீரில் காட்டினேன். பற்பசை, இங்க், வெண்ணெய் என்று நம் வீடுகளில் தடவுவார்களே, அதெல்லாம் கூடாது. ஐஸும் வைக்கக் கூடாது. ஓடுகிற சாதாரணக் குளிர்ந்த தண்ணீர்தான் முதல் மருந்து. கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூட வேண்டும். எனக்குக் கொப்புளம் வரவில்லை.

இதற்குள் சிவப்பு வண்டி நிறைந்துவிட்டது. ஓட்டுனர் அவசரப்படுத்தினார். “நீங்க போங்க, நான் பின்னாலேயே வரேன்” என்று அனுப்பி வைத்தேன். என் போன், படம் எடுக்கக் கொடுத்தது, இவர் பையிலேயே போய்விட்டது.

இறக்கம் ஏற்றம் மாதிரி இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். விட்டு விட்டுப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி ஆற விட வேண்டும். அப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக மழை பிடித்துக்கொண்டது.

ஊர் தெரியும் ஒரு திருப்பத்தில், குடைக்கடியில் ஒரு பாட்டி வேகவைத்த சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே ஒதுங்கினேன். ஆனால் மனசு ஒதுங்கவில்லை. குழந்தை கீழே போய்ச் சேர்ந்திருப்பாள். அம்மாவைக் காணோமே என்று அழுவாளோ? இவருக்கு ஏற்கெனவே இரு சக்கர வண்டி என்றால் பயம். போனும் இல்லை. கொஞ்சம் நனைந்தால்தான் என்ன? ஐந்து நிமிஷத்தில் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவளுக்குத் தெரியாது. சாலையைக் காட்டினாள். ஒரு உள்ளங்கை மேல் மற்றொன்றை வைத்து வழுக்கிக் காட்டினாள். தலையை ஆட்டினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் முக்காலியை நகர்த்திப் போட்டாள். காய்ந்த சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழையில் கிளம்பும்போதுதான் வழுக்கல் மிக அதிகம் என்பது எனக்கும் தெரிந்ததுதான். தவிப்பில் மறந்துவிட்டேன்.

உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம்! ‘சீக்கிரம் போ, குழந்தை காத்திருக்கிறாள்’ என்றது மனசின் ஒரு பாதி. ‘குழந்தை காத்திருக்கிறாள், அதனால்தான் உட்கார்’ என்றது மறு பாதி. இத்தனை வருஷமாக முதல் குரலை மட்டுமே கேட்டு எத்தனை தடவை சிக்னலில் அவசரப்பட்டிருக்கிறேன்! பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்று எத்தனை தடவை பஸ்ஸை ஒட்டிப் புகுந்திருக்கிறேன்! நினைக்கவே உடம்பு நடுங்கியது. சோளம் சூடாக இருந்தது. கீழே மழைத் திரை விலக விலக ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

மழை நின்று, சாலையில் ஓடிய நீர் வடிந்த பிறகு மெதுவாக இறங்கினேன். சிலையடியில் இவர் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது.

“அம்மா மழையிலே ஓட்ட மாட்டா, எங்கேயாவது நின்னுட்டுத்தான் வருவான்னு நான் அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றாள் பெண். “அப்பாதான் கேக்கலே.”

என்னைவிட என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறதே இந்தக் குழந்தை! ஐந்து நிமிஷம் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததை அவளிடம் அப்போது சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது சொல்லிவிட்டேன்.

இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் விடாதீர்கள், சகோதரிகளே. ஒன்றே ஒன்று: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் வயலையும் காட்டையும் எரிக்கும் புகை சூழ்ந்துவிடும். சிறு குழந்தைகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆகாது. நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல குளிர். மழைத் தொல்லையும் குறைவு.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் பெண்ணின் தலைக்கு அளவெடுத்து ஒரு ஹெல்மெட் வாங்கினேன். பள்ளிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்புகிறோம். அத்தைதான் கேட்டார்: “என்னடி இது, மலை ஏறிட்டு வந்து ஸ்கூட்டரை இவ்வளவு மெதுவா ஓட்டறே?”