பயணத்திற்கேற்ற முக்காலி

கீழக்கரை பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் கல்தூண்களை மத்ரஸா மாணவர்களுக்குக் காட்டிட, முத்தவல்லியின் அனுமதியோடு படமெடுக்க விழைந்தேன். உள்ளே ஒளி மங்கல். ஃபிளாஷ் தொழுவோரின் கவனத்தைக் குலைக்கும். கையில் பிடித்தாலோ படம் கலங்கும். ஆகவே, என் சிறு கேமராவுக்கு ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள முக்காலி ஒன்றைத் தேடினேன்.

பையில் அடங்கவேண்டுமெனக் கால்களைப் பல அடுக்குகளாக்கினால் உறுதி குறையும். நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் மிகும். எனவே தாழ விரிந்து நிற்கும், ரப்பர் பாதமுள்ள ஒன்றையே தேர்ந்தேன். அது தரையைக் கீறாது, ஸஃப்பை மறிக்காது. இரண்டு விநாடி டைமரை இயக்கிக் கையை விலக்கினால், கல்லில் செதுக்கிய பூவேலை தெளிவாய்ப் பதிகிறது.

புதுப்பித்தல் என்னும் பெயரால் பல ஊர்களில் பழைய தூண்கள் மறைந்துவருகின்றன. எஞ்சியவற்றையேனும் நம் பிள்ளைகளுக்காகப் பதிந்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.