தோணியின் இருக்கை

பயன்படும் பொருள் தேயும். தேய்ந்த பொருள் ஒருநாள் பழுதுறும். பழுதுற்றதை எறிந்துவிடுதல் எளிது. அதனைச் செப்பனிடுவதற்கோ கைத்திறன் வேண்டும். கைத்திறன் மட்டும் போதாது. எதனைக்கொண்டு செப்பனிடுவது என்று தேர்ந்து தெளியும் அறிவும் வேண்டும்.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒட்டனபி ஆற்றங்கரையில் பீட்டர்பரோ என்னும் நகரம் உள்ளது. ‘கனூ’ எனப்படும் சிறு தோணிகளைக் கட்டுவதில் அது பெரும்பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் பெயரையே தாங்கிய தோணித் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும், 600க்கும் மேற்பட்ட தோணிகளைக் கொண்ட அருங்காட்சியகம் ஒன்று இன்றும் அந்நகரில் விளங்குகிறது. பழைய தோணிகள் சில வீடுகளிலும் போற்றிக் காக்கப்படுகின்றன. மரப்பலகையின்மேல் கித்தான் போர்த்திய அத்தகைய தோணி ஒன்று அங்கு வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் இருந்தது.

ஒரு கோடைக்காலத்தில் அவருடைய பெயர்த்தி, தோழியருடன் அத்தோணியில் ஏரிப்பயணம் செல்ல விரும்பினாள். ஒத்திகை பார்ப்பதற்காக அவள் பின் இருக்கையில் அமர்ந்தபோது, நைந்திருந்த பிரம்புப் பின்னல் படீரென்று அறுந்தது. பயணத்திற்கோ இரண்டு வாரங்களே இருந்தன.

“தாத்தா, இம்முறை நைலான் நாடா பின்னிவிடுவோம். மீண்டும் அறுமோ என்னும் அச்சமே இராது” என்றாள் அவள்.

முதியவர் மறுத்துரைக்கவில்லை. தோல்வார், பருத்தி நாடா, நைலான் நாடா, பிரம்பு இழை ஆகிய நான்கையும் எடுத்துவந்தார். “நீயே சோதித்துப் பார், அம்மா” என்றார்.

நான்கிற்கும் தனித்தனி வரலாறு உண்டு. அந்நிலத்தின் பழங்குடியினர் பர்ச்சு மரப்பட்டையால் தோணி கட்டி, அதில் முழந்தாளிட்டுத் துடுப்பு வலித்தனர். பதனிடாத மான்தோலை வாராக அறுத்துப் பனியில் நடப்பதற்கான மிதியடிகளைப் பின்னினர். அவ்வாரே பின்னாளில் தோணி இருக்கைக்கும் பயன்பட்டது. பருத்தி நாடா எளிதிற் கிடைப்பது. நைலான், 1935ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலறிஞர் வாலஸ் கரோதர்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பிரம்போ கனடாவில் விளைவதன்று. தென்கிழக்காசியக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் பனையினக் கொடி அது. தமிழகத்தின் மேற்கு மலைகளிலும் அதன் வகைகள் வளர்கின்றன. அதன் புறத்தோலைச் சீவி எடுத்த இழையே இருக்கைகளுக்கு உதவுவது.

சிறுமி நான்கையும் ஒரு பலகையில் இழுத்துக் கட்டி, இரவு முழுவதும் நீரில் அமிழ்த்தி வைத்தாள். காலையில் தோல்வார் தளர்ந்து தொங்கியது. பருத்தி நாடா நீரை உண்டு கனத்திருந்தது. அவ்வாறே ஈரத்தில் கிடந்தால் அது விரைவில் மக்கிவிடும் என்பதை அவள் அறிவாள். நைலான் மிகச் சிறிதே நெகிழ்ந்திருந்தது. பிரம்பு வளைவதற்கு இசைந்து மென்மையுற்றிருந்தது. நண்பகலில் உலர்ந்ததும் வீணை நரம்பென விறைத்து நின்றது.

“நைலானே வென்றது, தாத்தா! அதன் வலிமை பிரம்புக்கு இல்லையே!” என்றாள் சிறுமி.

“உண்மைதான். சென்ற ஆண்டு அண்டை வீட்டாரின் தோணிக்கு நானே நைலான் பின்னிக் கொடுத்தேன். ஆனால் நீ நாடாவைச் சோதித்தாயே அன்றிச் சட்டத்தைப் பார்க்கவில்லை” என்றார் முதியவர்.

அவர் ஆஷ் மரத்தாலான இருக்கைச் சட்டத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நாற்புறமும் சிறு துளைகள் வரிசையாக இருந்தன. பிரம்பு இழையைக் கோப்பதற்கென்றே இடப்பட்ட துளைகள் அவை. நாடாவை நிறுத்த வேண்டுமாயின் துளைகளுக்கு இடையே ஆணிகள் அறைய வேண்டும். முன்னரே துளையுண்ட மரம் அதனால் பிளத்தல் கூடும். சட்டத்தின் அடியில் மங்கிய எழுத்தில் மூன்று ஆண்டுகள் குறிக்கப்பட்டிருந்தன. அவை முன்பு பின்னல் மாற்றிய ஆண்டுகள்.

“மும்முறை பின்னல் மாறியும் சட்டம் மாறவில்லை, பார். பின்னல் தேய்வதற்கென்று உள்ளது. சட்டம் நிற்பதற்கென்று உள்ளது. தேய வேண்டியதை வலிமையாக்க, நிற்க வேண்டியதைச் சிதைக்கலாமா?” என்று வினவினார் முதியவர்.

சிறுமி நெடுநேரம் அத்துளைகளையே நோக்கியிருந்தாள். பின்னர், “பிரம்பு பின்ன எனக்குத் தெரியாதே” என்றாள். “என் விரல்களும் இப்போது நடுங்குகின்றன. நான் சொல்கிறேன், நீ பின்னு” என்றார் அவர்.

ஊறிய இழையின் பளபளப்பான பக்கம் மேலே தோன்றுமாறு, நெடுக்கே ஒரு வரிசையும் குறுக்கே ஒரு வரிசையும் இட்டாள்; அவ்வாறே மீண்டும் ஒருமுறை இட்டாள். இறுதியில் மூலைக்கு மூலையாக இருபுறமும் இழைகளைக் கோத்தாள். இருமுறை தவறினாள், இருமுறையும் அவிழ்த்துப் பின்னினாள். ஐந்தாம் நாள் மாலையில், எண்கோணக் கண்களோடு இருக்கை முழுமை பெற்றது. நீர் தெறித்தாலும் அக்கண்களின் வழியே வடிந்துவிடும். நன்கு உலர்ந்தபின் வார்னிஷ் பூசி, பயணத்திற்கு முன்னரே அதனைத் தோணியிற் பொருத்தினர்.

பொருத்துவதற்கு முன், முதியவர் பென்சிலை அவளிடம் நீட்டினார். மூன்று ஆண்டுகளின் கீழே அவள் நான்காம் ஆண்டைக் குறித்தாள். அதன் கீழே இன்னும் இடம் இருந்தது.

புதிய பொருள் எல்லாம் தீதும் அன்று. பழைய பொருள் எல்லாம் நன்றும் அன்று. எப்பொருள் எவ்விடத்திற்குப் பொருந்தும் என்று ஆராய்தலே அறிவு. இன்று நாம் செய்யும் செப்பம், நாளை செப்பனிட வருவோரின் கைகளைக் கட்டிவிடலாகாது.