படத்தின் ஓரத்தில் ஓர் ஊர்

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தைக் கடந்து நாவலடிக்குப் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவே ஒடுங்கிய மணல்நிலம். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இந்த ஊரை அள்ளிச் சென்றது. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரமும் அன்றுதான் சாய்ந்தது. உயிர் தப்பியவர்களில் பலர் பின்னர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர்.

சமூகவியல் படித்த எனக்கு, ஓர் ஊர் என்றால் குடும்ப விபரமும் வரைபடமும்தான். திராய்மடுவில் நடந்த மாதர் கூட்டமொன்றுக்குப் பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பலர் வெறுங்கையுடன் வந்தனர். வீட்டோடு அல்பமும் போய்விட்டது. ஓர் அக்கா மட்டும், சுவிஸிலுள்ள தம்பிக்கு முன்பு அனுப்பிய கலியாணப் படங்களைத் திருப்பி வாங்கி வைத்திருந்தார்.

மணமக்களை விட்டுவிட்டு, எல்லோருடைய கண்களும் பின்னால் தெரிந்த வளவுகளிலேயே நின்றன.

“இது எங்கட கிணத்தடி.”

“அந்த வேலிக்கு அங்கால கரைவலை வாடி.”

அரை மணித்தியாலத்தில் ஓர் ஒழுங்கை முழுவதையும் பேசி முடித்துவிட்டார்கள்.

பந்தல் காலைப் பிடித்தபடி ஓரத்தில் நின்ற சிறுமியை ஒரு தாய் விரலால் தொட்டார்.

“என்ட மகள். இந்தச் சட்டை நான் தைச்சது, தங்கச்சி.”

மகளின் வேறு படம் அவரிடம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு இன்று என் வயது. குறிப்பேட்டை மூடி வைத்தேன். அடுத்த வாரம் அந்த ஓரத்தைப் பெருப்பித்துப் பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

சகோதரிகளே, உங்கள் அலுமாரியிலுள்ள கலியாணப் படத்தின் ஓரத்திலும் வேறொரு தாயின் பிள்ளை நிற்கக்கூடும். அயலவர்களோடு அமர்ந்து பாருங்கள். பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். உரியவருக்கு ஒரு பிரதியும் கொடுங்கள்.