கூலியைக் கேட்டுவிட்டு உள்ளே போ

செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை தேடக் கிளம்பிவிடுகிறார்கள். வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியில் பி.காம். படிக்கிற பையன், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் படிக்கிற பெண் என்று பலர். அடுத்த வருஷ ஃபீஸுக்கு ஆகட்டும் என்று கோடை விடுமுறையில் ஒரு வேலை. நல்ல காரியம். அவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: கூலி எவ்வளவு, என்றைக்கு, யார் கொடுப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தெரிந்தவர் சொல்லிச் சேர்த்துவிட்ட இடமாக இருக்கும். "முதல்ல வேலையப் பழகு தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேஸ்திரி சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். மாதம் முடிந்தால், 'காலேஜ் பையனுக்குச் செலவுக்கு' என்று கையில் எதையோ வைத்து அனுப்புகிறார்கள். உழைத்ததற்கு வரவேண்டிய கூலி, யாரோ மனமிரங்கிக் கொடுத்த காசாகிவிடுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் செய்வது விளையாட்டு வேலை இல்லை. கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுவதையே பாருங்கள். பெட்டியின் கதவில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் தனியாகக் கட்டத்துக்குள் நிற்கும். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது அது. ஒரு இலக்கம் மாறி எழுதினாலும் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சீல் நம்பரைப் பார்க்க வேண்டும், சரக்கு இறங்க இறங்க நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். மே மாத வெயிலில், தகரப் பெட்டிகளின் அனலுக்கு நடுவே, கணக்குத் தப்பாமல் நிற்கிற பிள்ளைக்கு முழுக்கூலி கொடுப்பதுதான் நியாயம்.

கேட்பது நம் வடசென்னைக்குப் புதிதும் இல்லை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. உடன் நின்றார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல் வந்தது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காமல் கைவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. அதனால்தான் மேஸ்திரி யாருடைய ஆள், பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா என்று பார்க்கச் சொல்கிறேன். பெயரே இல்லையென்றால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

அதட்டிக் கேட்க வேண்டாம். "அண்ணே, நாள் கூலி எவ்வளவுண்ணே? சனிக்கிழமை தருவீங்களா, மாசக் கடைசியா?" என்றால் போதும். முறையாக நடத்துகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். டெபாசிட் கட்டச் சொன்னால் அந்த இடமே வேண்டாம். வந்த நாள், வேலை நேரம், வாங்கிய பணம் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.

யார்டு வேலை உடம்புக்கு ஒத்துவராது என்கிற பிள்ளைகள் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருப் பக்கம் போகலாம். சுங்க ஏஜென்ட் அலுவலகங்கள் அங்கே மாடிக்கு மாடி இருக்கின்றன. ஷிப்பிங் பில், இன்வாய்ஸ் சரிபார்க்க ஆள் தேவைப்படும், பி.காம். பாடத்தில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பரீட்சை முடியட்டும் என்று இருக்காமல் ஏப்ரல் தொடக்கத்திலேயே போய்க் கேளுங்கள். கூலியையும் சேர்த்து.