பகிரக் கற்கும் மூளை

உணவங்காடி நிலையத்தில் மதிய நேரத்தில் இருக்கை கிடைப்பது அரிது. ஆயினும், ஒரு மேசையின்மீது மெல்லிழைத்தாள் பொட்டலம் ஒன்று இருந்தால், அங்கு யாரும் அமர்வதில்லை. அதற்குச் சட்டம் ஏதும் இல்லை. ஆனால், உண்ட தட்டை உரிய இடத்தில் வைப்பதற்குச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது. செப்டம்பர் 2021 முதல், தட்டை அப்படியே விட்டுச் செல்வோர்மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஒரு வழக்கம் மட்டும் எப்படி இயல்பாக நம்மிடம் ஒட்டிக்கொண்டது? இக்கேள்வி என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

விடை தேடியபோது, 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். மானிடவியல் அறிஞர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய குழுவினரும் 15 சிறிய சமுதாயங்களில் ஒரு விளையாட்டை நடத்தினர். இருவரில் ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்படும். அதில் மற்றவருக்கு எவ்வளவு தருவது என்பதை அவர் முடிவு செய்யவேண்டும். மற்றவர் அப்பங்கை ஏற்றால் இருவருக்கும் பணம் கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

பெரு நாட்டின் மழைக்காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்கு அளவே தர முன்வந்தனர். அதை மறுத்தவர்களும் மிகக் குறைவு. இந்தோனேசியாவின் லாமலேரா கிராமத்தினரோ பாதிக்கும் மேல் தந்தனர். முன்னவர்கள் கஞ்சர்கள் அல்லர். அவர்களுடைய குடும்பங்கள் பெரும்பாலும் தனித்தனியே உழைத்து வாழ்பவை. லாமலேரா மக்கள் திமிங்கில வேட்டைக்குச் செல்பவர்கள். பலர் சேர்ந்து படகைச் செலுத்தினால்தான் வேட்டை நடக்கும். இறைச்சியை யாருக்கு எவ்வாறு பங்கிடுவது என்பதற்கும் அங்கு முறை உண்டு.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதே விளையாட்டை ஆடியவர்களின் மூளையை ஆய்வாளர்கள் படம்பிடித்துப் பார்த்தனர். நியாயமற்ற பங்கு கிடைத்தபோது, அருவருப்பு உணர்வோடு தொடர்புடைய பகுதி தூண்டப்பட்டது. நியாயம் என்பது வெறும் கணக்கன்று, உணர்வும்கூட. ஆனால், எது நியாயம் என்பதை நமக்குக் கற்றுத்தருவது நாம் வாழும் சமுதாயமே. திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால் மூளையின் நரம்பணு இணைப்புகள் வலுப்பெறுகின்றன.

நான் வளர்ந்த அடுக்குமாடி வீட்டில், தீபாவளிப் பலகாரம் முதலில் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டிக்குத்தான் போகும். அந்தத் தட்டு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. நோன்புப் பெருநாளில் அவர் வீட்டுத் தட்டும் அப்படியே. பகிர்வதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தே அதைக் கற்றேன். இன்று பல வீடுகளின் கதவுகள் மூடியே இருக்கின்றன. பழகாத வழக்கம் மெல்ல மறைந்துவிடும்.

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பர். ஆனால், மூளை தொட்டிலோடு கற்பதை நிறுத்திவிடுவதில்லை. உங்கள் வயதிலும் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. மின்தூக்கியில் அண்டைவீட்டாருக்கு வணக்கம் சொல்லுங்கள். குழுவேலையில் உங்கள் பங்கை முழுமையாகச் செய்யுங்கள். உங்களைப் பார்த்து வளரும் தம்பி தங்கையரும் சட்டம் ஏதுமின்றி அவற்றைக் கற்றுக்கொள்வர்.